துணைக்குப் போனவள்

"அறுபத்தெட்டரை!"

தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் இப்படிச் சத்தமாகச் சொன்னபோது நான் தரம் 7இல் இருந்தேன். நமது நாட்டில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்ப்பார்கள். அன்று நிறுப்பவர் மண்டபத்தின் ஒரு மூலையிலும் எழுதுபவர் மறு மூலையிலும் இருந்தார்கள். அதனால்தான் அவர் கத்திச் சொன்னார். வேறு கெட்ட எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனால் இரண்டு மூலைக்கும் நடுவில் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இடைவேளை மணி அடிக்கும் முன்பே எனக்குப் பெயர் வைத்தாயிற்று. பவுசர்.

பெற்றோல் ஏற்றி வரும் பவுசரை நாவலப்பிட்டியில் பார்க்காதவர் இல்லை. கினிகத்தேனைப் பாதையில் அது முனகிக்கொண்டு ஏறும்போது பின்னால் பத்து வாகனம் வரிசையாக ஊர்ந்து வரும். நான் மைதானத்தைச் சுற்றி ஓடிய நாட்களில் எனக்குப் பின்னால் யாரும் வந்ததில்லை. எல்லோரும் எனக்கு முன்னால்தான் ஓடினார்கள். அந்த வகையில் அந்தப் பெயர் பிழையானது. இப்படிச் சொல்லிச் சிரிக்க இன்று முடிகிறது. அன்று முடியவில்லை.

நான் சாதாரண தரம் வரை வேறொரு பாடசாலையில் படித்துவிட்டு உயர்தரத்துக்கு இந்தக் கல்லூரிக்கு வந்தவள். இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது மலைநாட்டின் அழகைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். என் உடம்பைப் பற்றி எழுதினால் என்ன என்று பிறகு தோன்றியது. என்னைப் போன்ற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். எங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாங்கள்தான் பேசுவதில்லை.

அன்று வீட்டுக்குக் கொண்டுபோன துண்டில் உடற்திணிவுச் சுட்டி எழுதியிருந்தது. நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண் வரும். வளர்ந்தவர்களுக்குப் போல ஒரே எல்லை பிள்ளைகளுக்கு இல்லை. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வரைபடத்தில் பார்ப்பார்கள். என் புள்ளி, கோடுகள் முடிகிற இடத்துக்கும் மேலே இருந்தது. உம்மா அதைப் பார்த்தார், மடித்தார், அலுமாரிக்குள் வைத்தார். அன்று இரவு என் கோப்பையில் சோறு இல்லை. குரக்கன் ரொட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் தம்பிக்கு நெய்ச்சோறு.

அதற்குப் பிறகு ஊரே எனக்கு வைத்தியர் ஆனது. சாச்சி இஞ்சியும் தேசிக்காயும் குடிக்கச் சொன்னார். மாமி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்போடு கல்யாணம் பேச வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாவற்றிலும் கல்யாண வீட்டுச் சாப்பாடுதான் பயங்கரமானது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். நான் உட்காரப் போகும்போது, "இவங்களை ஒரு ஆளாக் கணக்கெடுக்கிறதா, ரெண்டு ஆளாவா?" என்று ஒருவர் கேட்பார். மற்ற நான்கு பேர் சிரிப்பார்கள். நான் என் பக்கத்துச் சோற்றில் கால்வாசியைத் தின்றுவிட்டு எழும்புவேன். வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கியதும், குசினியில் நின்றுகொண்டே பாண் தின்பேன். வெட்கம் பசியைக் கூட்டும் என்பதை அந்த நாட்களில்தான் படித்தேன்.

நடக்கச் சொன்னார்கள், நடந்தும் பார்த்தேன். தரம் 8 விடுமுறையில் காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதிலில் இருந்த இரண்டு பையன்கள் என் காலடிக்கு ஏற்ப வாயால் மேளம் அடித்தார்கள். மூன்றாம் நாள் ஐந்து பையன்கள் இருந்தார்கள். நான்காம் நாள் நான் போகவில்லை. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே சொல்: சோம்பேறி.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாரம் கூடிய உடம்பு ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. ஐம்பது கிலோ பிள்ளையும் எண்பது கிலோ பிள்ளையும் ஒரே ஏற்றத்தில் ஒரே வேகத்தில் ஏறினால் இருவரும் செய்வது ஒரே வேலை இல்லை. எங்கள் ஊரோ ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கிறது. கடைக்குப் போவதென்றாலும் படி, பள்ளிக்குப் போவதென்றாலும் படி. மூச்சு வாங்கும், முழங்கால் நோகும், கால்கள் உரசிப் புண்ணாகும், வியர்வையில் அபாயா உடம்போடு ஒட்டும். இந்தப் புண்ணைப் பற்றி உம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீளமான பருத்திக் காற்சட்டை ஒன்றை உள்ளே போட்டால் தீர்ந்துபோகிற விஷயம் அது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

சோம்பேறித்தனத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் தரவுகளை வைத்து அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, உலகில் 11 முதல் 17 வயது வரையானவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் 85 பேர், ஆண்பிள்ளைகளில் 78 பேர். அப்படியென்றால் மெலிந்த பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் என் கட்சிதான். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தரம் 10இல் மறுபடியும் தராசு. இம்முறை 81. அன்று இரவு வாப்பா ஒரு பேரம் பேசினார். பத்துக் கிலோ குறைத்தால் கைத்தொலைபேசி. நான் அதற்கு முன் எதற்கும் அப்படி உழைத்ததில்லை. எங்கள் வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் 112 படிகள் இருக்கின்றன. ஏறி இறங்கினேன், ஏறி இறங்கினேன். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. வாப்பாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பத்து வரும்வரை காத்திராமல் தொலைபேசியை வாங்கித் தந்துவிட்டார். அடுத்த நாள் நான் படியில் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கட்டிலில் சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரம் 11 முடியும் முன்பே தராசு மறுபடியும் 81 காட்டியது.

எனக்கு ஏதோ குறை என்று நினைத்திருந்தேன். பிறகுதான் ஒரு பரிசோதனையைப் பற்றி வாசித்தேன். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்த்து உருவங்கள் செய்யும் ஒரு புதிரைக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு டொலர் தந்தார். மற்றப் பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. பிறகு காசை நிறுத்தினார். இடையில் அறையை விட்டு அவர் வெளியே போன நேரத்தில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தபோது, காசு வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைந்த நேரமே அந்தப் புதிரோடு இருந்தார்கள். 1971இல் வெளிவந்த ஆய்வு இது. விளையாட்டாகச் செய்தது கூலி வேலையாக மாறியதும், கூலி நின்றால் வேலையும் நின்றது. டெசியும் ரிச்சர்ட் ரயன் என்பவரும் பின்னர் பல வருடங்கள் இதை ஆராய்ந்து, ஒருவர் ஒன்றைத் தொடர்ந்து செய்ய மூன்று விஷயங்கள் தேவை என்றார்கள். அதைத் தானாக விரும்பிச் செய்கிறோம் என்ற எண்ணம், இது என்னால் முடியும் என்ற உணர்வு, கூடவே மனிதர்கள். வாப்பாவின் பேரத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை. பாவம், வாப்பா.

அந்த மூன்றும் எனக்கு வந்து சேர்ந்தது உம்மும்மாவால். அவருக்கு டெசியைத் தெரியாது.

உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம். நாவலப்பிட்டி வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் காட்டுவார். சாதாரண தரப் பரீட்சை முடிந்து நான் வீட்டில் சும்மா இருந்த காலத்தில் ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"புள்ள, கிளினிக்ல ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்க ஓணும் எண்டு செல்லீக்காங்க. தனியப் போக ஏலா, நாய் ஈக்கிது. தொணைக்கு வாங்களே."

எனக்காக யாராவது கூப்பிட்டிருந்தால் நான் போர்வையை இழுத்து மூடியிருப்பேன். இது அவருக்காக. குடையை எடுத்துக்கொண்டு போனேன். தொலஸ்பாகை வீதியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கை வழியாக மேலே போனால் தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு பீலி இருக்கிறது. அங்கே வரை போய்த் திரும்புவதுதான் எங்கள் கணக்கு. அந்த நேரத்தில் பனிமூட்டம் முழுதாக விலகியிருக்காது. எதிரில் வருபவர்கள் கொழுந்து பறிக்கப் போகும் அக்காமார் மட்டும்தான். அவர்கள் என் உடம்பைப் பார்ப்பதில்லை. "என்னா கெழவி, இன்னைக்கு வெள்ளனயே கெளம்பிட்டீங்க" என்று உம்மும்மாவோடு பேசிவிட்டுப் போவார்கள். நான் அங்கே ஒரு கிழவியின் பேத்தி, குடை பிடிப்பவள்.

எழுபத்தொரு வயதுக்காரியின் வேகம் எனக்குச் சரியாக இருந்தது. நான் மூச்சு வாங்குவதற்கு முன்பே அவர் வாங்கினார். அவர் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு கதை. பைப் தண்ணீர் வராத காலத்தில் இதே பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து நாளுக்கு ஆறு தடவை ஏறியது, நோன்பு காலத்தில் உரலில் மா இடித்தது. உடற்பயிற்சி என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அவருடைய உடம்பு அன்று மெலிவா பருமனா என்று கேட்டேன். "அதெல்லாம் பாக்க எங்க புள்ள நேரம்?" என்றார்.

ஒரு நாள் காலை, கீழே ரயில் ஊதியது. உம்மும்மா நின்றார். முந்திய காலத்தில் கரிக்கோச்சி நாவலப்பிட்டிக்கு வந்ததும் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித்தான் மலைக்கு ஏற்றுவார்கள் என்று சொன்னார். 1874இல் ரயில் இங்கே வந்த வரலாறு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிருந்து ஏறத்தாழ 1,900 அடியில் தொடங்கும் பாதை பட்டிப்பொலையில் 6,200 அடியையும் தாண்டுகிறது. பாரம் இழுக்கிற எஞ்சினுக்கு இன்னோர் எஞ்சின் துணை போவதை அந்தக் காலத்தில் யாரும் வெட்கமாக நினைக்கவில்லை. இப்போது டீசல் எஞ்சின்.

ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. நாங்கள் பீலியைத் தாண்டி அடுத்த வளைவு வரை போகத் தொடங்கியிருந்தோம். அதை நான் கவனிக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு இஸ்லாம் பாடத்தில் ஒரு நாள் டீச்சர் ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். அபூதாவூத், அஹ்மத் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவானது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களை ஓட்டப் போட்டிக்கு அழைத்தார்கள். உடல் மெலிந்திருந்த ஆயிஷா (ரலி) அவர்கள் முந்திவிட்டார்கள். காலம் போனது. அவர்களுக்கு உடம்பு வைத்தது. இன்னொரு பயணம். மறுபடியும் நபியவர்கள் கூட்டத்தை முன்னே அனுப்பிவிட்டு மறுபடியும் ஓட அழைத்தார்கள். இம்முறை முந்தியது நபியவர்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்ற கருத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

வகுப்பில் எல்லோரும் கணவன் மனைவி அன்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள்தான் காதில் விழுந்தன. உடம்பு வைத்ததைச் சொல்பவர் ஆயிஷா (ரலி) அவர்களேதான், அதுவும் ஒரு சாதாரணச் செய்தியைச் சொல்வதுபோல. உடம்பு வைத்த பிறகும் அவர்களை ஓடக் கூப்பிட ஒருவர் இருந்தார். கூப்பிடுவதற்கு முன் பார்க்கிற கண்களை எல்லாம் முன்னே போகச் சொன்னார். மதிலில் இருந்த ஐந்து பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்று எனக்குத் தேவைப்பட்டதும் அதுதானே.

மறுநாள் இந்தக் கதையைப் பீலிக்குப் போகும் வழியில் உம்மும்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரியும். சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. "வாரியா பாப்பம்" என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டார். பதினைந்து அடி இருக்கும். எனக்குச் சிரிப்பில் கால் ஓடவில்லை. அவர்தான் வென்றார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னபோது உம்மா எங்கள் இருவருக்கும் ஏசினார், விழுந்திருந்தால் என்ன ஆவது என்று. பிறகு குசினிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். என் உடம்பு சம்பந்தமான ஒரு விஷயத்துக்கு உம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன். தன் உம்மாவுக்கு வந்த சீனி எனக்கும் வந்துவிடும் என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் ஏசினார் என்பதும் அன்றுதான் விளங்கியது.

இங்கே உடற்கல்வி டீச்சர் என்னை ஓடச் சொல்லவில்லை. கையில் குண்டைத் தந்தார். சர்வதேச விதியில் 18 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு 3 கிலோ, வளர்ந்த பெண்களுக்கு 4 கிலோ. எறிந்தேன். டீச்சர் அளவு நாடாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். தினமும் பாரம் சுமக்கிற உடம்பில் தசையும் கூடவே வளர்கிறது. ஓட்டத்தில் பின்னால் நிற்கிற பிள்ளை, தள்ளுவது, தூக்குவது, எறிவது போன்றவற்றில் முன்னால் வரக்கூடும். இதை ஏன் தரம் 7இலேயே யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபம் வந்தது. வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அதில் இருக்கிறது.

பர்தாவோடு எப்படி விளையாடுவது என்று கேட்பவர்களுக்கு, 2006இல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையை மூடிய உடையோடு 200 மீற்றர் ஓடித் தங்கம் வென்ற பஹ்ரைன் நாட்டு ருகையா அல் கஸ்ராவைச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அவரது படம் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பவில்லை. அவர் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. எனக்குப் பிடித்தவர் நம் நாட்டு வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம். 208 சென்றிமீற்றர் உயரம். பஸ்ஸில் ஏறினாலும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் உடம்பு. அந்த உயரத்தையே வளையத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பந்து அவரைத் தேடித்தான் போனது.

இப்போது என் நிறை 77. ஒரு வருடத்தில் நான்கு கிலோ. இதைக் கேட்டால் சாச்சிக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அசைவின் பலன் முழுவதும் தராசில் தெரிவதில்லை. நிறை குறையாவிட்டாலும் இதயமும் நுரையீரலும் பலப்படுகின்றன. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது. அந்த 112 படிகளில் முன்பு மூன்று இடத்தில் நிற்பேன். இப்போது ஒரே இடத்தில், அதுவும் பக்கத்து வீட்டுப் பூனையோடு பேச. எல்லா நாளும் போகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஜூன், ஜூலை மழைக்கு எங்கள் ஊரில் அட்டையும் சேறும்தான். அந்த வாரங்களில் போகாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்குவது ஒவ்வொரு தடவையும் கஷ்டம். உம்மும்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. பீலி வரைதான் வருகிறார். வளைவுக்கு நான் தனியாகப் போய்வர, அவர் பீலிக் கல்லில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பார்.

போன தவணையில் இங்கே வைத்தியப் பரிசோதனை நடந்தது. மாணவத் தலைவிகள் உதவிக்கு நின்றோம். நான் காலையிலேயே மண்டபத்துக்குப் போனேன். தராசு ஒரு பக்கம், எழுதும் மேசை தூரத்தில். மேசையை இழுத்துக்கொண்டு வந்து தராசோடு ஒட்டிப் போட்டேன். நாடக விழாவுக்கு வைத்திருந்த திரைச்சீலையை வாங்கி, வரிசைக்கும் தராசுக்கும் நடுவில் கட்டினேன். ஏன் என்று கேட்ட டீச்சரிடம், எழுதுவதற்குச் சுகமாக இருக்கும் என்றேன். தரம் 7 பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் என்னைப் போல ஒரு பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறியது. நிறுத்தவர் எனக்கு மட்டும் கேட்கும்படி எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன். பிள்ளை இறங்கிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே போனது. எத்தனை என்று அங்கே யாருக்கும் தெரியாது.